அரக்குக் கட்டம்

புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறவள் வீட்டில் அடுத்தவர் புடவைதான் அதிகம் இருக்கும். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறை ரேக்கைப் பார்க்கிறவர்கள் என்னை வசதியானவள் என்று நினைத்துக்கொள்வார்கள். காஞ்சிபுரம், ஆரணி, நெகமம், ஆந்திராக்காரம்மா கொடுத்துவிட்டுப் போன மங்களகிரி என்று ஊர் ஊராக வந்து அடுக்கில் உட்கார்ந்திருக்கும். எனக்கு அதையெல்லாம் பார்த்தாலே பயம். எலி கடிக்குமோ, கூரை ஒழுகுமோ, எண்ணெய்க் கை பட்டுவிடுமோ. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். சுங்குடியை இன்னொரு துணியோடு நனைக்கக் கூடாது, ஜரிகை மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்கக் கூடாது என்பதெல்லாம் பயந்து பயந்து கற்றுக்கொண்டதுதான்.

போன வருஷம் பொங்கல் சமயத்தில் ஒரு அக்கா கூரைப் புடவை கொண்டுவந்தார். மகனுக்குத் தை மாதத்தில் கல்யாணம். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் கூரை எடுக்க வேண்டும். தாலி ஏறும்போது பெண் அதைத்தான் உடுத்தியிருப்பாள். குலதெய்வத்தின் முன் வைத்துப் பூசை முடித்து, முந்தானை மூலையில் மஞ்சள் தொட்டு வைத்திருந்தார்கள். பட்டும் பருத்தியும் கலந்து நெய்தது. அரக்கு நிறத்தில் மஞ்சள் கோடு ஓடிய சின்னச் சின்னக் கட்டம்.

"பத்தரம்மா. எங்க மருமவ உடம்புல ஏறாம வேற யாரும் கட்டக் கூடாது," என்றார்.

"மடியில போட்டுத்தானேக்கா தைக்கணும்?"

"மடியில பட்டா இன்னா? அதைக் கட்டிக்கினு நீயே மணவறையில வந்து குந்தாத, அது போதும்." அவரே சிரித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் துவைத்த வேட்டி ஒன்றை விரித்து, அதன் மேல் புடவையை வைத்துத்தான் தைத்தேன். முடித்து மடித்து ரேக்கில் மேல் தட்டில் வைத்தேன்.

மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்கு நூல் வாங்கப் போயிருந்தேன். மகள் போன் செய்தாள். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. அன்று அங்கே பொங்கல் விழா, பழைய ஊர்ப் புடவை கட்டிவர வேண்டுமாம். எனக்கென்று சொந்தமாக ஒரு காரைக்குடிக் கண்டாங்கி உண்டு. அதைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

"எங்கம்மா வெச்சிருக்க? பஸ் வந்துடும்."

"ரேக்குலதான் கீது பாரு. அரக்குக் கட்டம் போட்டது."

"ஆங், கிடைச்சிடுச்சு."

நான் திரும்பி வந்தபோது கண்டாங்கி கீழ்த்தட்டில் அப்படியே இருந்தது. மேல்தட்டில் கூரையைக் காணோம்.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்கலாம். கண்டாங்கி கனத்த பருத்தி, பெரிய கட்டம், அகலக் கரை. கூரையைத் தொட்டாலே விரல் வழுக்கும். ஆனால் வருஷம் முழுக்கச் சுடிதார் போடுகிற பெண்ணுக்கு இரண்டும் அரக்குக் கட்டம்தான். நான் சொன்ன அடையாளமும் அதுதானே.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. முதலில் நெருப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. பொங்கல் பானை வைப்பார்கள், அடுப்பு எரியும். அப்புறம் சாம்பார், பஸ் சீட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி. இதெல்லாம் புடவைக்கு வரும் கேடு. அதற்கும் மேலே இன்னொரு பயம். முகமே தெரியாத அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு நாளைக்கு ஒன்று ஆனால்? ஊரான் வீட்டுக் கூரையைக் கட்டிய என் மகளுக்கு ஒன்று ஆனால்? மறுபடி மறுபடி போன் அடித்தேன்.

மத்தியானம் அவளே பேசினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"உடனே கழட்டுடி," என்றேன்.

"கழட்டிட்டு எதைம்மா கட்டிக்கறது? மேனேஜர் சட்டையையா?" என்று கேட்டாள். "நான் ஓரமா நின்னுக்கறேன்மா. எதையும் தொட மாட்டேன். சாப்பிடக்கூட மாட்டேன்."

சாயங்காலம் மகள் வருவதற்கு முன்னால் அந்த அக்கா வந்துவிட்டார்.

"முடிஞ்சிச்சா?"

"இஸ்திரி போடணும்கா. நாளைக்கு வாங்களேன்."

"பரவால்ல, போடு. குந்திக்கினு இருக்கேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரேக்கை மேலும் கீழும் பார்த்தார். "எங்க, காணோம்?"

"உள்ள கீதுக்கா."

உள்ளே போய்க் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். மகள் முந்தானையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி நடையில் நின்றிருந்தாள். மஞ்சள் தொட்ட மூலை வெளியே தெரிந்தது.

அக்கா எழுந்துவிட்டார்.

"இது என் மருமவ புடவையாச்சே."

"தெரியாம கட்டிட்டேன் ஆன்ட்டி. அம்மா வீட்ல இல்ல," என்று அழ ஆரம்பித்தாள் மகள்.

"போய்க் கழட்டிக்கினு வா."

மகள் உள்ளே போய் உடை மாற்றினாள். மடித்துக் கொண்டுவந்து கொடுத்ததும் அக்கா அங்குலம் அங்குலமாகப் பிரித்துப் பார்த்தார். கறை இல்லை. பொங்கல் புகை வாசம் மட்டும் லேசாக இருந்தது.

"மஞ்சத்தூள் எடுத்தா," என்றார். தண்ணீரில் குழைத்து, பழைய மஞ்சளின் மேலேயே வைத்தார். பிறகு மற்ற மூன்று மூலைக்கும். "கடையில எத்தினி பேரு தோள்ல போட்டுப் பார்த்தாளுங்களோ. அதெல்லாம் பார்த்தா கல்யாணம் பண்ண முடியுமா?"

வாய்தான் அப்படிச் சொன்னது. வைத்த மூலையிலேயே மறுபடியும் ஒருமுறை வைத்தார். மஞ்சள் தரையில் சொட்டியது.

"பொண்ணு வூட்டுக்குத் தெரிய வாணாம். எம் புள்ளைக்கும் தெரிய வாணாம்." வாசற்படியில் நின்று மகளைப் பார்த்தார். "அடுத்த தபா உம் மாமியா எடுத்தார்றதைக் கட்டு, இன்னா?" என்றார். எனக்குப் பத்திரிகையும் வைத்துவிட்டுப் போனார்.

போகாமல் இருந்திருக்கலாம். வீட்டில் இருந்தால் பயம் இன்னும் அதிகமாகும் என்றுதான் போனேன். மண்டபத்தில் நடு வரிசையில் உட்கார்ந்தேன். எல்லாரும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். நான் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி ஏறியது. மேளம் முழங்கியது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு நெருப்பைச் சுற்றி வந்தார்கள். இரண்டாம் சுற்றில் பெண்ணின் கொசுவம் தளர்ந்து, நான் தைத்த ஓரம் ஓமகுண்டத்தின் பக்கம் சரிந்தது.

அந்த அக்கா பாய்ந்து வந்து புடவை ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். பிடித்ததை விடாமல் குனிந்தபடியே மிச்சச் சுற்றும் கூடவே வந்தார். "மாமியாரைப் பாருடா, இப்பவே மருமக கொசுவத்தைத் தூக்கறாங்க," என்று மேடையில் யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்கா நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடினார்.

தேட வேண்டியிருக்கவில்லை. நான் எழுந்து நின்றிருந்தேன்.

"உக்காரும்மா, மறைக்குது," என்றார் பின்னாலிருந்தவர்.