ஓர வரிசையும் பதினஞ்சு பக்கமும்

கறக்... முறுக்... கறக்... முறுக்...

அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. செத்துப்போன ஆளுங்க தள்ளாடித் தள்ளாடி வந்து, நான் நட்டு வச்ச செடியைக் கடிச்சுத் தின்னுற சத்தம். ஸ்பீக்கர் வேற ஓட்டை ஸ்பீக்கர்!

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு டைப்பிங் சென்டர். என்னோட முதல் வேலை. ராஜபாளையத்துல இருந்து தினமும் பஸ்ல போய் வருவேன். மும்தாஜ் அக்கா ஓனர். ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எப்ப உயிரை விடுமோன்னு ஒரு யூபிஎஸ். அதுல ஒரு கம்ப்யூட்டர்ல யாரோ ஏத்தி விட்டுட்டுப் போன ஒரு கேம்.

கேம் ரொம்ப சிம்பிள். இடது பக்கம் நம்ம வீடு, முன்னாடி தோட்டம், அதுல அஞ்சு வரிசை. வலது பக்கத்துல இருந்து அந்தச் செத்தவனுங்க வருவானுங்க. சூரியகாந்தி நட்டு வெயில் சேர்க்கணும், அந்த வெயிலைக் குடுத்து விதை துப்புற செடி வாங்கணும். ஒவ்வொரு வரிசை முனையிலயும் ஒரு புல் வெட்டுற மிஷின் நிக்கும். எல்லாத்தையும் தாண்டி எவனாவது வந்துட்டா, அது தானா ஓடி அந்த வரிசையையே வழிச்சு எடுத்துரும்.

ஆனா ஒரே ஒரு தடவைதான்.

கதை மோடு, மினி கேம்ஸ் எல்லாம் முடிச்சுட்டேன். கடைசியா சர்வைவல்... முடிவே கிடையாது, ஒரு கூட்டத்தைத் தடுத்தா ஒரு கொடி, அப்படி ஒவ்வொரு கொடியாத் தாண்டித் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கணும். அதுலதான் பைத்தியமா இருந்தேன்.

என் கெட்ட பழக்கம், இருக்குற வெயிலை எல்லாம் நடு வரிசையிலயே கொட்டுவேன். அக்கா ஒருநாள் பின்னாடி நின்னு பார்த்துட்டு, "ஏட்டி கோமதி, நடுவுலயே அம்புட்டையும் நட்டா ஓரத்துல வாரவன யாரு பாப்பா?"ன்னு கேட்டாங்க. திட்டிக்கிட்டே அவங்களும் மினி கேம்ஸ் ஆடுவாங்க, அது தனிக் கதை.

அப்போ கரண்ட் கட் காலம். எங்க ஏரியாவுக்கு ரெண்டுல இருந்து நாலு வரைக்கும். யூபிஎஸ் அஞ்சு நிமிஷம் தாங்கும், பிரிண்டர் அதுல ஓடாது. அதனால எந்த வேலையா இருந்தாலும் ரெண்டு மணிக்குள்ள பிரிண்ட் எடுத்துறணும். கடையில இருந்த ஒரே சட்டம் அதுதான்.

அன்னைக்கு கான்சாபுரத்துல இருந்து சுப்புத்தாய்னு ஒரு அக்கா வந்தாங்க. வீட்டுக்காரர் உயிரோட இல்லை. வயலுக்குப் போற பாதையில கொழுந்தனார் வேலி போட்டுட்டு, கேஸும் போட்டுட்டார். பதில் மனு குடுக்க அன்னைக்குத்தான் கடைசி நாள். கையெழுத்துல பதினஞ்சு பக்கம். மூணரைக்குள்ள வேணும்னு வக்கீல் குமாஸ்தா சொல்லிட்டுப் போனார்.

"இன்னைக்கு குடுக்கலைன்னா அவிய சொல்றதுதான் நிக்குமாம். முடிஞ்சிருமா தாயி?"

"நிம்மதியா உக்காருங்கக்கா"ன்னேன். வாசப்படியில உக்காந்தாங்க.

ஒரு மணிக்கு பதிமூணு பக்கம் முடிச்சுட்டேன். மும்தாஜ் அக்கா சாப்பிடப் போனாங்க. இன்னும் ரெண்டே பக்கம்தானே... செத்த நேரம் ஆடுவோம்னு கேமைத் தொறந்தேன்.

ஒரு கொடி. இன்னொரு கொடி. ஓர வரிசையில ஒருத்தன் உள்ள வந்துட்டான், மிஷின் ஓடிருச்சு. அதே வரிசையில இன்னொருத்தன்... அவனைத் தடுக்கணும்...

படக்.

ஃபேன் நின்னுது. யூபிஎஸ் பீப் பீப்னு கத்துது. அப்பவும் நான் மனுவை சேவ் பண்ணலைங்க, அந்த வரிசையைத்தான் காப்பாத்திக்கிட்டு இருந்தேன்! ஸ்கிரீன் இருட்டான பொறவுதான் மணியைப் பார்த்தேன், ரெண்டு தாண்டிருச்சு. பிரிண்டும் இல்லை, காலையில இருந்து ஒரு சேவும் இல்லை.

மும்தாஜ் அக்கா உள்ள வந்ததும் அழுதுக்கிட்டே எல்லாத்தையும் அவங்க காதுல மட்டும் சொன்னேன். என் மூஞ்சியக்கூட பார்க்கலை அவங்க. கையெழுத்துத் தாளை எல்லாம் எடுத்து மூணு மூணாப் பிரிச்சாங்க.

"கோர்ட் சுவரோரம் டைப்ரைட்டர் போட்டிருக்கவங்க அஞ்சு பேரு இருக்காங்கல்லா? ஆளுக்கு மூணு பக்கம். அதுக்கு கரண்ட் வேண்டாம். ஓடு!"

ஓடினேன். அஞ்சு மிஷின், அஞ்சு வரிசை. தாள் குடுக்க, கார்பன் வாங்கிட்டு வர, முடிஞ்சதை அக்காகிட்ட சேர்க்கன்னு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஓடிக்கிட்டே இருந்தேன். ஓரத்துல இருந்தவருக்கு ரிப்பன் சிக்கிருச்சு, முதல்ல அவர்கிட்டதான் போய் நின்னேன். பாதியில முடிஞ்ச பக்கத்துல எல்லாம் மிச்சம் கிடந்த வெத்து இடத்துல அக்கா குறுக்குக் கோடு போட்டு, கையாலயே பக்க நம்பர் எழுதினாங்க.

மூணு இருபத்தஞ்சு. குமாஸ்தா புரட்டிப் பார்த்துட்டு, "என்ன, மூணு பக்கத்துக்கு ஒரு எழுத்தா இருக்கு?"ன்னார்.

"எழுத்து அஞ்சு, விஷயம் ஒண்ணுதான். சீக்கிரம் கொண்டு போங்கண்ணே"ன்னாங்க அக்கா.

நாலு மணிக்குத் திரும்பி வந்து "வாங்கிட்டாங்க"ன்னார். அப்பாடா! அந்த மாதிரி ஒரு மூச்சை நான் அதுக்கு முன்னாடியும் விட்டதில்லை, அதுக்கப்புறமும் விட்டதில்லை. சரியா அதே நேரம் கரண்டும் வந்துச்சு பாருங்க.

அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "ஏட்டி, உன் வரிசையில நின்ன புல் வெட்டுற மிஷின் இன்னைக்கு ஓடிருச்சு. இனி கிடையாது."

சுப்புத்தாய் அக்கா கிளம்பும்போது என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. "நீ நல்லாருப்ப தாயி. எனக்காக மத்தியானச் சோறுகூடத் திங்காம, அந்தப் பொட்டியவே கண்ணு இமைக்காம பாத்துக்கிட்டு இருந்தியே..."

இப்போ எல்லாம் தானா சேவ் ஆகுது. கரண்டும் சொல்லிட்டுப் போறதில்லை, போனாலும் யாருக்கும் கவலை இல்லை. அதே மாதிரி கேம் இப்போ போன்ல இருக்கு. மிஷின் ஓடிருச்சுன்னா ஒரு விளம்பரம் பார்த்தாப் போதும், புதுசா ஒண்ணு வந்து நிக்குது.

நல்லதுதான். ஆனா அந்த "அப்பாடா" மட்டும் வரவே மாட்டேங்குது.

சுப்புத்தாய் அக்காகிட்ட உண்மையைக் கடைசி வரைக்கும் சொல்லலை. இப்போ கேமைத் தொறந்தா, முதல் செடியை ஓர வரிசையிலதான் வைக்கிறேன்.