நிறுத்தும் கட்டளை

ஒரகடத்தில் பிரஸ் மெஷின்களைப் பழுது பார்க்கும் திருநாவுக்கரசு தனியாளாக ஒரு தமிழ்க் கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார். தண்டலம்வரை பல கம்பெனிகளில் இன்று மெஷின்கள் அதில்தான் ஓடுகின்றன.

"எடு, வைன்னு எல்லாம் சரியா கீது. மெஷின நிறுத்த மட்டும் இன்னா சார், 'இன்னாங்க'ன்னு வச்சிகீறீங்க?" என்று புதிதாகச் சேர்ந்த ஐஸ்வர்யா அவரிடம் கேட்டுச் சிரித்தாள். பல வருஷமாக அவரோடு வேலை பார்க்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் முதலில் எழுதிய கட்டளையே அதுதான். அவரோடு ஒரே பிரஸ் லைனில் வேலை பார்த்த அவர் மனைவி ஏலவார்குழலி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். பிரஸ்ஸில் சிக்கி உயிரை விட்ட அன்றும் "இன்னாங்க" என்றுதான் கத்தினாள். டீக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "இரு, வரேன்" என்றார் இவர். கையிலிருந்த போல்ட்டை முழுசாக முடுக்கிவிட்டுத்தான் திரும்பினார்.