மருமகளுக்காக நான் சொன்ன பதில்

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வேலைவாய்ப்புக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். கையில் டேப்லெட், தோளில் பை. அழைப்பு மணி அடித்தால் எங்கள் தெருவில் ஆண்கள்தான் எழுந்து போவோம். நானும் போனேன். மகன் அலுவலகத்தில் இருந்தான். மருமகள் உள்ளே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மருமக போன வாரம் எங்கனா வேலைக்குப் போனாங்களா சார்?"

"இல்லம்மா."

"தேடிகினு கீறாங்களா?"

"இல்ல."

"கெடச்சா போவாங்களா?"

"எங்க போறது? கொழந்த இருக்கே."

அவள் திரையைத் தட்டினாள். மூன்று மாதம் கழித்து மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் எப்படிக் கணக்காகிறது என்று கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்கியிருக்கிறேன். வேலையில் இருப்பவர்கள் ஒரு வட்டம். வேலை இல்லாமல், கிடைத்தால் போகத் தயாராக இருப்பவர்கள் இன்னொன்று. இரண்டிலும் சேராதவர்கள் வெளியே. வெளியே ஏன் இத்தனை பெண்கள் என்று மாணவர்களைக் கேட்பேன். திருமணம், பாதுகாப்பு, பேருந்து வசதி என்று அடுக்குவார்கள். வாசலில் நின்று பதில் சொல்லும் மாமனாரை யாரும் சொன்னதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

சாயங்காலம் காபி கொடுக்கும்போது மருமகள் கேட்டாள்: "நான் போகமாட்டேன்னு எப்ப மாமா சொன்னேன்?"

சொன்னதே இல்லை. பிரசவத்துக்கு முன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் செல்போன் பாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். அங்கிருந்து மறுபடி அழைத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பகலில் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். அவள் அம்மா வேடந்தாங்கல் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர். என்னைக் கேட்டபோது முட்டி வலி என்றேன். வலி பொய்யில்லை. ஆனால் கொளவாய் ஏரிக்கரையில் தினமும் நடக்கும்போது அது என்னைத் தடுத்ததில்லை.

காபியைக் குடித்து முடித்தேன். மற்ற வீடுகளில் யார் பதில் சொல்லியிருப்பார்கள் என்று மட்டும் மனம் குடைந்தது. மறுநாள் டீக்கடையில், லாரி ஓட்டி ஓய்ந்த நண்பரிடம் கேட்டேன்.

"நான்தான் சொன்னேன். வேற யாரு?"

"வீட்டம்மாவுக்கு என்ன சொன்னீங்க?"

"சும்மாதான் கீதுன்னேன்."

"சிப்பி மாலை கோத்து மாமல்லபுரம் கடைக்கு அனுப்புறாங்களே?"

"அட, அது டிவி பாத்துகினே கோக்கறது வாத்தியாரே. அதெல்லாம் ஒரு வேலையா?"

டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். அந்த நோட்டு யார் கோத்த மாலைக்கு வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். என் யோக்கியதை நினைவுக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகளை வேலைக்குப் போகச் சொன்னேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். வெட்கம்.

"முட்டி?" என்றாள்.

"இருக்கு. பரவால்ல."

"ஒரு வாரம் பாருங்க மாமா. அப்புறம் பேசுவோம்."

அவள் என்னை நம்பவில்லை. ஆனாலும் போனாள். ஒரு வாரம் கழிந்தும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

கணக்கெடுக்கும் பெண் மறுபடி வந்தபோது பேரன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"மருமக வேலைக்குப் போறாங்களா? எத்தினி மணி நேரம் சார்? ஓவர்டைம் உண்டா?"

எனக்குத் தோராயமாகத் தெரியும். "அவளையே கேளுங்களேன். வேலை எடத்துக்குள்ள போன் விடமாட்டாங்க. மூணு மணிக்கு கம்பெனி பஸ் வந்துடும், உக்காருங்க."

"இன்னா சார் பேஜாரு பண்றீங்க? எல்லா வூட்லயும் ஆம்பளைங்க டக்குனு சொல்லிடுறாங்க. நான் இன்னும் நாலு வூடு முடிச்சிட்டு என் புள்ளைய ஸ்கூல்லேர்ந்து இட்டாரணும்."

அது நியாயம். இன்னொரு பெண்ணின் நேரத்தையும் நானே முடிவு செய்யப் பார்த்திருந்தேன். மருமகளின் எண்ணைக் கொடுத்தேன். மூன்று மணிக்கு மேல் அவளிடமே கேட்டுக்கொள்வதாகச் சொன்னாள்.

"சரி, உங்களுத சொல்லுங்க. போன வாரம் இன்னா வேல பண்ணீங்க?"

"பென்ஷன்..." என்று ஆரம்பித்தேன். பேரன் விழித்து வீறிட்டான். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். முட்டி வலித்தது.

அவள் திரைமேல் விரலை வைத்தபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.