கணவாய் ஏற்றத்தில் சரிந்த கார்

போன வருடம் ஆடி மாதம். அப்பாவுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து, சேலத்து மருத்துவமனையிலிருந்து நல்லம்பள்ளிக்கு அழைத்து வந்துகொண்டிருந்தோம். "முதுகு குலுங்கவே கூடாது" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. அவர் பெங்களூரில் பழையதாக வாங்கிய சொகுசு காரில் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் உண்டு. எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. மேடு பள்ளத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொரு சக்கரத்தையும் அதுவே ஏற்றி இறக்கிக்கொள்ளும்.

"சொம்பு நெறைய தண்ணி வெச்சாலும் சிந்தாது பாப்பா" என்றார்.

தொப்பூர் வரை அப்படித்தான் இருந்தது. அப்பா முன் சீட்டைச் சாய்த்துப்போட்டுக் கண்மூடிப் படுத்திருந்தார்.

கணவாய் ஏற்றத்தில் பாதி ஏறியிருப்போம். ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பாக ஓர் எச்சரிக்கை. அண்ணன் அதைப் படித்து முடிப்பதற்குள் கார் அப்பா பக்கமாகச் சரியத் தொடங்கியது. டயர் எதிலோ உரசும் சத்தம், ரப்பர் கருகும் வாடை. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். அண்ணன் பதறிப்போய் ஓரங்கட்டினார்.

பானெட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. வந்த வழியெல்லாம் பச்சை எண்ணெய் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு போயின. அண்ணன் டயருக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் கையை விட்டு, எங்கே ஒழுகுகிறது என்று துழாவினார். அந்த நேரம் அப்பா, "கால் மரத்துப் போவுதும்மா" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "அண்ணா, இங்க வாங்க!" என்று அலறினேன். அவர் கையை உருவிக்கொண்டு எழுந்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். கார் அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டது. அண்ணன் தன் கையையே பார்த்தபடி நின்றார்.

புகை அதிகமானது. அப்பாவை வெளியே எடுத்தாக வேண்டும், முதுகையோ வளைக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருக்கும்போதே ஒரு வேன் நின்றது. தர்மபுரியில் மெத்தை வியாபாரம் செய்யும் பாய் ஒருவரும் அவர் மனைவியும் இறங்கி ஓடி வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பாய் வேனிலிருந்து ஒரு கட்டில் பலகையை இழுத்தார். நாலு பேருமாக அப்பாவை அசங்காமல் அதில் மாற்றி வேனுக்குள் ஏற்றினோம். ஏற்றும்போது பலகைக்கு அடியில் பாய் விற்பனைக்கு வைத்திருந்த புது மெத்தையைப் பிரித்துப் போடவும் நான் தயங்கினேன்.

"மெத்தை போனா வேற தெச்சுக்கலாம்மா. மொதல்ல ஐயாவ பாருங்க" என்றார் பாய்.

தர்மபுரி வரை வேன் ஊர்ந்தே போனது. அந்த அம்மா அப்பாவின் பாதத்தைக் கையில் ஏந்தியபடி, "ஐயா, வெரல அசைங்க பாக்கலாம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் விரல் அசையும்வரை நான் மூச்சுவிடவில்லை.

அங்கே மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரிந்து கிடந்ததில் கால் மரத்திருக்கிறது என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் பாயும் அவர் மனைவியும் கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "போன வாரமே ஒருக்கா இந்த செவப்பு எழுத்து வந்துச்சு பாப்பா. வண்டிய ஆஃப் பண்ணிப் போட்டேன், போயிருச்சு. சரியாயிட்டுதுன்னு இருந்துட்டேன்."

எண்ணெய்க் குழாய் வயதாகி வெடித்திருந்ததாம், வெகு நாட்களாகவே கசிந்திருக்குமாம். பிறகு ஒர்க்ஷாப்பில் சொன்னார்கள்.

அப்பா இப்போது தக்காளித் தோட்டம் வரை தானே நடந்து போய் வருகிறார். ஆனால் அவர் "லேசா வலிச்சுது, அதுவே நின்னுடுச்சு" என்று சொல்லும்போது, சரி என்று விட என்னால் முடிவதில்லை. நின்றதைவிட அது ஏன் வந்தது என்பதுதான் முக்கியம் என்று அந்தக் கணவாயில்தான் நான் கற்றுக்கொண்டேன்.