பால்மா டின் புகைபோக்கி

எங்கள் லயத்துக் கூரைக்கு மேலே ஒரு பால்மா டின் தலையை நீட்டிக்கொண்டு நின்றதை நான் முதலில் பார்த்தது ஒரு மழைக்கால மாலையில். டின்னில் அச்சிட்டிருந்த பசுமாடு தலைகீழாக நின்றது. டின்னின் வாயிலிருந்து வெள்ளைப் புகை சாவகாசமாக வெளியேறித் தேயிலை மலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அண்ணி அடுப்படியில் குந்தியிருந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கலியாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அழாமல் சமைத்து நான் பார்த்தது அன்றுதான். "என்ன தங்கச்சி, வாசல்லயே நிக்கிற? உள்ள வா, இன்னைக்கு மூச்சு விடலாம்" என்றார்.

லயங்களைப் படத்தில் பலர் பார்த்திருப்பார்கள். பச்சை மலை, நடுவே வெள்ளையடித்த நீளக் கட்டடம், பார்க்க அழகாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் புகை படத்தில் விழாது. ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பிராக்கள். பின்சுவரில் சன்னல் கிடையாது, ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அடுப்பும் அதே அறைதான், படுக்கையும் அதே அறைதான். எரிப்பதற்குக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கட்டிக்கொண்டு வரும் தேயிலை மிலாறு, செடியில் கழித்த குச்சி; மழை மாதங்களில் அது காயவே காயாது. எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அண்ணன் மகள் பாப்பா இந்தப் புகைக்குள்தான் பிறந்தாள். தவழும் வயதிலேயே இழுப்பு வந்துவிட்டது. மார்பு பூனை மாதிரிக் கறகறக்கும், உதடு நீலம் பாரித்துவிடும். தோட்டத்து டாக்டர் ஐயா ஒவ்வொரு முறையும் மருந்தைக் கொடுத்துவிட்டு, "புள்ளையப் பொகை படாம வச்சிருங்க" என்பார். எங்கே வைப்பது? ஆகாயத்திலா? பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. தோட்டம் அரசாங்கத்திடமிருந்து கம்பனி கைக்குப் போயிருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பிராவில் அண்ணி ஆயாவாக இருந்தார். வெறும் பால்மா டின்கள் அங்கே மூலையில் குவிந்து கிடக்கும். அடியை வெட்டியெடுத்து, ஒரு பக்க விளிம்பைப் பல் பல்லாக நறுக்கிச் சற்று உள்ளே வளைத்தால் ஒன்றுக்குள் ஒன்று செருகலாம் என்று அண்ணிக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. அடுப்புக்கு மேலே எண்ணெய்த் தகரத்தை விரித்து ஒரு கூடாரம். அதன் உச்சியிலிருந்து டின் குழாய். சொன்னால் இவ்வளவுதான். முதலில் அந்தக் குழாயைக் கதவுக்கு மேலிருந்த இடைவெளி வழியாக வெளியே விட்டுப் பார்த்தார். எதிர்க்காற்று அடித்து மொத்தப் புகையும் உள்ளே திரும்பியது. அண்ணன் வயிறு வலிக்கச் சிரித்தார். "ஒங்க அண்ணி பொகைக்கு வழி காட்டப் போயி, காத்துக்கு வழி காட்டிப்புட்டா" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். குழாய் நேராகக் கூரையைத் தாண்டிப் போனால்தான் சரிவரும் என்று பிறகு விளங்கியது. சிக்கலும் அங்கேதான் இருந்தது. கூரை எங்களுடையது இல்லை. சுவரும் இல்லை, கதவும் இல்லை. பரம்பரை பரம்பரையாக அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே செத்தாலும் அது தோட்டத்துச் சொத்து. ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஆபீசில் கேட்க வேண்டும்.

ஆனால் ஓட்டைகளுக்கு மட்டும் அந்தக் கூரையில் பஞ்சமே இல்லை. வெள்ளைக்காரன் காலத்துத் தகரம், துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. மழை வந்தால் சட்டி, வாளி, கோப்பை என்று இருக்கிறதையெல்லாம் தரையில் பரப்பிவிட்டு நாங்கள் சுவரோரம் ஒண்டிக்கொள்வோம். ஒழுக்கைப் பற்றி ஆபீசில் சொல்லிச் சொல்லி அண்ணனுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அடுப்புக்கு நேர் மேலே நல்லதாக ஓர் ஓட்டை இருந்தது. அண்ணி அதையே கொஞ்சம் விரித்துக் குழாயை ஏற்றிச் சுற்றிலும் களிமண்ணை அப்பிவிட்டார். மறுநாளே, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா வந்து வாசலில் நின்றார். "யாரக் கேட்டுக் கூரையில ஓட்டை போட்டீங்க?" என்றார். அண்ணி மரியாதை குறையாமல் சொன்னார்: "ஓட்டைய நான் போடலைங்க ஐயா. அது தோட்டத்து ஓட்டைங்க. சும்மாதானே கெடக்குதுன்னு கொழாய வச்சேன்." சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண்டாக்கு ஐயாவுக்கும் உதடு துடித்தது. அப்படியே திரும்பி நடந்தார்.

பாப்பா அதன்பிறகு இழுப்பில்லாமல் தூங்கத் தொடங்கினாள். அது போதாதா? விஷயம் லயம் லயமாகப் பரவியது. யார் வந்து கேட்டாலும் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயைக் கழற்றிக் காட்டுவார். "நல்லாப் பாத்துக்கிட்டுப் போங்க. இதவிட நல்லா வந்துச்சுன்னா எனக்கும் வந்து சொல்லணும்" என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை. அப்படியே வந்தும் சொன்னார்கள். அண்ணியின் குழாய்க்குள் மழை இறங்கி அடிக்கடி அடுப்பை அணைத்துவிடும். கீழ் லயத்தில் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர் மூன்று ஆணிக்கால் வைத்து டின் மூடியைத் தொப்பியாகப் போட்டார். புகை போனது, மழை வரவில்லை. அண்ணி நேரே போய்ப் பார்த்து வந்து தன் குழாய்க்கும் ஒரு தொப்பி வைத்தார். பொகவந்தலாவைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண் அங்கேயும் இதைக் கொண்டுபோனாள். இது யாருடைய சாமான் என்று யாரும் கேட்கவில்லை. மூச்சு விடுகிற எல்லாருடைய சாமானும்தான்.

தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா லயங்களுக்கு மேலே குன்றில் இருந்தது. அதற்குக் கல்லால் கட்டிய புகைபோக்கிகள் உண்டு. சமைப்பதற்கு அல்ல, குளிருக்குக் கணப்பு மூட்டிக் கால் சூடு காட்டுவதற்கு. அவற்றைக் கட்டியதும் லயத்திலிருந்து போன கைகள்தான். புகைபோக்கி என்ன செய்யும் என்று எங்கள் முன்னோர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அது தங்களுக்கு இல்லை என்பதும் தெரிந்திருந்தது. அந்தப் பங்களாவுக்குக் கம்பனி விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பங்களாப் புல்வெளியில் நின்று பார்த்தால் லயத்துக் கூரைகள் தெரியும், டின்கள் அசிங்கமாகத் தெரியும். ஒரு காலை பெரட்டுக்களத்தில் வேலை பிரித்தபோது உத்தரவு வந்தது: குழாய்களை எல்லாம் பிடுங்க வேண்டும், ஓட்டைகளைத் தகரம் வைத்துத் தார் பூசி அடைக்க வேண்டும். இத்தனை வருஷம் மழை ஒழுகியபோது வராத தார், புகை வெளியே போகிறது என்றதும் பீப்பாயாக வந்து இறங்கியது!

அண்ணன் தோட்டத்தில் கட்டட வேலை செய்தவர். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த வேலை அதுதான். எல்லாக் கூரையையும் முடித்துவிட்டுக் கடைசியாகத் தன் கூரையில் ஏறினார். அண்ணி கீழே நின்று, "நம்ம வீட்ட மட்டுமாவது விட்டுருங்களே. புள்ளையப் பாருங்க" என்றார். "உத்தரவு. அடைக்கலைன்னா நாளைக்கு எனக்கு வேலைக்குப் பேரு போட மாட்டாங்க" என்றார் அண்ணன். குனிந்து அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தபோது, தகப்பன் கையாலேயே பிள்ளையின் மூச்சுக்குத் தார் பூச வைத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் அந்தக் கோபம் போய் நின்றது. இன்றுவரை அங்கேயேதான் நிற்கிறது.

விருந்தாளிகள் வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், போனார்கள். அண்ணி ஆபீசுக்குப் போய், "புள்ளைக்கு முடியலைங்க, கொழாய மட்டும் திரும்ப வச்சிக்கிறேன்" என்று கேட்டார். "பாப்போம்" என்றார்கள். மறுபடி போனார். மறுபடியும் "பாப்போம்". கேட்காமல் திறந்தால் வேலை போய்விடும் என்று கண்டாக்கு ஐயா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். மழை பிடித்துக்கொண்டது. ஓட்டைகள் அடைபட்டதால் முன்பு அவற்றின் வழியே கசிந்த புகைகூட வெளியேற வழியில்லை. ஈர மிலாறு, அடைத்த கூரை, ஒரே அறை. ஒரு காலையில் பாப்பாவுக்கு மூச்சு அடைத்தது. கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். வளைவு வளைவான பாதை. அண்ணியின் மடியில் பாப்பா கிடந்தாள். அவள் கால்களை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே அந்தக் கால்கள் குளிர்ந்துவிட்டன.

கருமாதி முடிந்த மறுநாள் எங்கள் லயத்துப் பெண்கள் பெரட்டுக்குப் போகவில்லை. ஆளுக்கொரு கட்டு ஈர மிலாறைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். நானும் போனேன். அண்ணி வரவில்லை, அவரை யாரும் கூப்பிடவுமில்லை. ஆபீஸ் விறாந்தையில், திறந்திருந்த சன்னல்களுக்குக் கீழே, கல் கூட்டி அடுப்பு மூட்டிக் கேத்தலை வைத்தோம். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. புகை சன்னல் வழியாக உள்ளே போனது. பெரிய கிளாக்கர் இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். பின்னாலேயே துரை, மூக்கில் கைக்குட்டையோடு. "என்ன இது?" என்றார். எங்களில் மூத்த பெண் எழுந்து நின்று சொன்னாள்: "தேத்தண்ணி ஊத்துறோங்க தொரை. எங்க வீட்டுல ஊத்துற மாதிரியேதான்." துரையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "சரி, சரி, கொழாய் போடு, எல்லாம் போடு, போ" என்று கையை வீசினார். கேத்தலில் தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கும் வரைக்கும்கூட அவரால் அந்தப் புகையைத் தாங்க முடியவில்லை.

சில வருஷங்களுக்குப் பிறகு, ஹட்டனில் ஒரு மண்டபத்தில், புகையில்லா அடுப்புப் பற்றிக் கூட்டம் வைத்தார்கள். முதலில் குழாய் வைத்தவர் என்று யாரோ சொல்லி அண்ணியையும் அழைத்திருந்தார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மையார் புகையால் நுரையீரல் கெடும் என்று படம் போட்டு எங்களுக்கே விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி, இதற்குத் தோட்ட நிர்வாகம் எந்த வகையில் ஒத்துழைப்புக் கொடுத்தது என்று எல்லாருக்கும் சொல்லுங்கள் என்றார். அண்ணி எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"குடுத்தாங்கம்மா. எம்புள்ளைக்கு மண்ணு தள்ளுன பொறகு குடுத்தாங்க."

அந்த அம்மையார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் இடைவேளை என்று அறிவித்தார். எல்லாரும் எழுந்து போனார்கள். அண்ணி உட்காரவில்லை. கேள்விக்கு இன்னும் பதில் முடியவில்லை என்பது போல, காலியான நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார்.