கவ்வாத்து வெட்டாத சுவர்

கடதாசியில் வரைந்தது தப்பாகப் போனால் கசக்கி எறிந்துவிடலாம். சுவரில் வரைந்தால் ஊரே வந்து நின்று திருத்தும். தூரிகை பிடிக்கிற என் இனத்தவரே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! நான் இலங்கையில் எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். சின்ன வயதில் பார்த்து வாய் பிளந்ததைத்தான் இன்றைக்கும் வரைகிறேன். அங்கேதான் வம்பே.

மயில்

கலேவெலவில் விதைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர், கடைச்சுவரில் வயல் வரையச் சொன்னார். ஆறு வயதில் அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது வயலுக்குள் முதன்முதலாக மயில் பார்த்து, சீட்டில் ஏறி நின்று கத்தியவள் நான். வயலை வரைந்துவிட்டு மயிலை விடுவேனா? தோகையை இரண்டு கையையும் நீட்டிய அகலத்துக்கு விரித்துவிட்டேன். வந்த விவசாயிகள் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். நானா பக்குவமாகச் சொன்னார்.

"தங்கச்சி, மயில் தின்ன விதைக்குப் பதிலாத்தான் இவங்க விதை வாங்க வாராங்க. இங்கயும் அதையே நிக்க வச்சா எப்படி?"

யானை

அடுத்தது, காட்டு யானை வீதிக்கு இறங்கும் வில்கமுவவில் ஒரு டயர் கடை. வீதி வளைவில் நல்ல பெரிய சுவர். பெரஹரா ஊர்வலத்தில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்த யானையை, பட்டுத்துணியை மட்டும் கழற்றிவிட்டு, அதே உயரத்துக்கு வரைந்தேன். பொழுது சாயும் நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வளைவு வரைக்கும் வந்து, வந்த வழியே திரும்பின. கடைக்காரர் சிங்களத்தில் கெஞ்சினார்.

"யானையை அழிச்சிடுங்க நங்கி, பஞ்சர் ஆனவங்ககூட வர மாட்டேங்கிறாங்க."

தேயிலை

மூன்றாவது சுவர், நான் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம். இதையும் அழிக்கச் சொன்னால் தொழிலையே விட்டுவிடுவதென்று இருந்தேன்.

தேயிலை வரைந்தேன். கொழுந்து மலையை மேற்பார்வை பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்தார், பார்த்தார், தலையில் கை வைத்தார். செடிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பறிக்கிற பெண் இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கு பெரிதாக, முகம் எங்கேயோ உச்சியில் சின்னதாக. இது தேயிலையா காடா, கிளையை நறுக்கிக் கவ்வாத்து வெட்டாமல் இப்படி விட்ட மலையைத் தோட்டத் துரை பார்த்தால் என் வேலை போய்விடும், நாளைக்கே வெள்ளை அடி என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு வயதில் அம்மாவின் படங்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தேயிலை அந்த உயரம்தான்.

மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வியக்கா பாயில் உட்கார்ந்து ஒரு குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஐயாவும் கொஞ்சம் இங்கே உட்கார்ந்து பார்க்கட்டுமே என்றார். கணக்கப்பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியபடி உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் அவரோடு சேர்ந்து அண்ணாந்தார்கள். வெள்ளை அடிக்கிற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவேயில்லை. எழும்பும்போது என்னிடம் இவ்வளவுதான் சொன்னார்.

"எங்கம்மா எனக்கு இப்படித்தான் தெரிவாங்க. ஆனா கவ்வாத்து வெட்டாதது தப்புதான், பிள்ளை."

அந்தச் சுவர் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பார்க்க வருகிறவர் துரையே ஆனாலும் பாயில் உட்கார வைத்த பிறகுதான் செல்வியக்கா அவரை வாயைத் திறக்க விடுகிறார்.