இன்பமேரி டீச்சரின் வயது குறைந்த நெல்

இன்பமேரி டீச்சரின் சம்மதம் வேண்டுமென்றால் வேண்டியதற்கு நேர் எதிரானதைச் சொல்ல வேண்டும் என்பது, அவருடைய கணவர் உபகாரசாமி நெடுநாள் இல்லறத்தில் கண்டுபிடித்த உண்மை. அந்த உண்மையும் எல்லா நாளும் பலிப்பதில்லை. அறிவியல் ஆசிரியையாக ஓய்வு பெற்ற கையோடு, அரியக்குடிக்குத் தெற்கே கண்மாய்ப் பாசனத்தில் இருக்கும் கணவரின் வயலைக் குத்தகைக்காரரிடமிருந்து வாங்கித் தானே பயிர் வைக்கத் தொடங்கினார். முட்டிவலிக்கு வயல்வேலை ஆகாது என்று டாக்டர் சொன்னதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

அந்தக் கண்மாயில் என்ன நெல் போடுவது என்பதைத் தனி ஆள் தீர்மானிப்பதில்லை. ஆவணி முடிவில் மடையடியில் கூடிப் பேசி, எல்லோரும் ஒரே வயதுள்ள, அதாவது விளைய ஒரே அளவு நாள் எடுக்கும் நெல்லை விதைப்பார்கள். ஒரு வயல் மட்டும் முந்தி விளைந்தால் சுற்றுவட்டாரத்துக் குருவியும் மயிலும் அங்கேதான் இறங்கும். அறுவடை மிஷினும் அடுத்தவர் பச்சைப் பயிரைத் தாண்டி உள்ளே போக முடியாது. போன வருடம் டீச்சர் இந்தக் கட்டுப்பாட்டை அறிவியலுக்கு விரோதமானது என்று தள்ளிவிட்டு, முந்தி விளையும் நெல்லைத் தனியாகப் போட்டார். மயில் தின்ற மிச்சம் வீட்டுக் கோழிக்குக்கூடப் போதவில்லை.

“இந்த வருசமும் மயிலுக்கு வெதச்சியன்னா வயலைப் பழையபடி குத்தகைக்கு விட்டுருவேன், மேரி” என்றார் உபகாரசாமி. இதை மட்டும் அவர் எதிர்மாறாகச் சொல்லவில்லை.

இந்த வருடக் கூட்டத்தில் டீலக்ஸ் நெல்லைச் சொன்னவர் சேதுபதி. டீச்சரின் வயலை ஒட்டிய வயல் அவருடையது. நடுவில் இருக்கும் வரப்பு யார் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதில் இரண்டு குடும்பத்துக்கும் தலைமுறைத் தகராறு. சர்வேயர் வந்து அளந்த பிறகு தகராறு இன்னும் தெளிவானது.

“சன்ன அரிசி, வெலை நிக்கும். வயசு கூடத்தான். அதுக்கென்ன, போன வருசம் கம்மா நெறஞ்சு கெடந்துச்சுல்ல?”

“போன வருசத் தண்ணிய வச்சு இந்த வருசம் வெதைப்பீகளாண்ணே?” என்றார் டீச்சர். “தை மாசம் தண்ணி இல்லாட்டி டீலக்ஸு பதராப் போயிரும். அண்ணா நாலுங்கிற நெல்லைப் போடுவோம். வயசு கம்மி, வறட்சியையும் தாங்கும்.”

“டீச்சர், ஒங்ககிட்டப் படிச்ச பிள்ளைகளே தப்பிச்சோம்னு ஓடிருச்சுக. எங்களப் பிடிச்சு வச்சுப் பாடம் நடத்துறீகளே!”

மடையடி முழுக்கச் சிரித்தது. டீலக்ஸ் முடிவாயிற்று.

டீச்சர் வீட்டுக்கு வந்து ஒரு வழி கண்டுபிடித்தார். வயது குறைந்த நெல்லையே போடுவது, ஆனால் பிந்தி விதைப்பது. அப்போது ஊர்ப் பயிரும் தன் பயிரும் ஒன்றாக விளையும். மயில்கள் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். கணக்கு சரிதான். ஆனால் அங்கே நடப்பது புழுதி விதைப்பு. காய்ந்த மண்ணில் விதையைத் தூவி உழுது மூடிவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். மழை முந்திக்கொண்டால் வயல் சேறாகிவிடும், டிராக்டர் இறங்காது. நாற்று நட ஆள் கிடைக்காது. அதோடு அந்த வருட வெள்ளாமை முடிந்தது, வயலும் குத்தகைக்குப் போய்விடும்.

ஊரே விதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. டீச்சரின் வயல் மட்டும் உழுதபடி வெறுமனே கிடந்தது. அவர் காலையில் எழுந்ததும் ஜெபம் சொல்வதற்கு முன்பே கிழக்கே மேகம் பார்த்தார். மழைக்காக ஊர் அம்மனுக்குப் பொங்கல் வைத்த நாளில் இவர் மழையைக் கொஞ்சம் பிந்தி அனுப்பச் சொல்லி மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். ஈரச் சாக்கில் விதையைச் சுருட்டி முளைப்பு பார்த்தார். நன்றாகவே முளைத்தது. அதனால் சந்தேகம் வந்து காரைக்குடிக்குப் போய் இன்னொரு மூட்டை வாங்கி வந்தார். மறுவிதைப்பு வேண்டியிருந்தால் உதவும் என்பது எண்ணம். ஊருக்கே சிபாரிசு செய்த விதையை அவர் அவ்வளவுதான் நம்பினார்.

புரட்டாசி நடுவில் ஒரு தூறல் போட்டது. ஊர் விதை முளைத்துப் பச்சை காட்டியது. பிறகு வெயில் சுட்டது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் கருகியது. டீச்சர் கருகலைப் பற்றி எதுவும் கணித்திருக்கவில்லை. அவர் மயிலுக்குப் பயந்து பிந்தினார். தப்பித்தது வெயிலிலிருந்து. ஆனாலும் முகத்தை எல்லாம் தெரிந்தவர் போலவே வைத்திருந்தார்.

ஒரு மத்தியானம் கோட்டையூர்ப் பக்கம் வானம் கறுத்தது. இனித் தள்ள முடியாது. வாடகைக்கு உழும் வேல்பாண்டி டிராக்டரோடு வயலில் இறங்கினார். உபகாரசாமி வரப்பில் குடையோடு நின்றார். அப்போதுதான் சேதுபதி வந்தார்.

“டீச்சர், கருகுன வயலுக்கு மறுபடி வெதைக்கணும். இனி டீலக்ஸுக்கு நாள் பத்தாது. காரைக்குடில வயசு கொறஞ்ச வெதை ஒரு மணிகூட இல்ல. ஒங்ககிட்ட ஒரு மூட்டை கூடுதலா இருக்குன்னாக.”

“யாரு சொன்னாக?”

குடை கொஞ்சம் அந்தப்பக்கம் திரும்பியது.

டீச்சர் வானத்தைப் பார்த்தார். இன்றைய விதைப்பை மழை அடித்துக்கொண்டு போனால் அந்த மூட்டை ஒன்றுதான் கதி. கொடுக்காவிட்டாலோ, பக்கத்து வயல் தரிசாகக் கிடக்க, நடுவில் தன் பயிர் மட்டும் கதிரோடு நிற்கும். போன வருடத்து மயில்கள் விலாசம் மறந்திருக்காது.

“தர்றேன். ஆனா இன்னைக்கே வெதைக்கணும். எனக்குப் பின்னாடி ஒங்க கதிரு வரக் கூடாது.”

“அக்கா, ரெண்டு வயல் முடியாது” என்று டிராக்டரிலிருந்தே கத்தினார் வேல்பாண்டி. “அந்த வயலுக்கு ரோட்டச் சுத்தித்தான் போகணும். அதுக்குள்ள ஊத்திரும்.”

மூன்று பேரும் வரப்பைப் பார்த்தார்கள். சேதுபதி மண்வெட்டியை எடுத்தார். தலைமுறைத் தகராறு டிராக்டர் அகலத்துக்கு வெட்டுப்பட்டுச் சரிந்தது. சேதுபதி இரண்டு வயலுக்கும் வீசி விதைத்துக்கொண்டு முன்னே போக, பின்னாலேயே டிராக்டர் ஒரே ஓட்டமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உழுது மூடியது. காற்று ஈரமாக வீசியது. “சீக்கிரம்ப்பா, சீக்கிரம்” என்று டீச்சர் வேல்பாண்டியை விரட்டினார், வேல்பாண்டிக்குக் கேட்கவில்லை. கடைசிச் சால் முடிந்து டிராக்டர் ரோட்டில் ஏறியபோது முதல் துளி விழுந்தது. அடித்துப் பெய்யவில்லை. நின்று நிதானமாகப் பெய்தது.

வரப்பைத் திரும்ப எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. சேதுபதி மழையிலேயே மண்ணை வெட்டிப் போட்டார், தன் வயலுக்குள் ஒரு சாண் தள்ளி.

“என்னண்ணே, அங்குட்டுப் போறீக? பழைய வரப்பு இங்குட்டுல்ல இருந்துச்சு.”

“ஒங்க மாமனார் காலத்துலருந்து நீங்கதான அங்குட்டுன்னு சொன்னீக?”

“சர்வேயர் என்ன சொன்னாரு? அளந்தது பொய்யாண்ணே?”

“அந்த ஆளு பொய்யின்னு பெட்டிசன் போட்டதே நீங்கதானே டீச்சர்!”

உபகாரசாமி குடையை மடக்கிவிட்டு நனைந்தபடி நின்றார். இருவரும் நிலத்தை எதிராளியின் தலையில் கட்டுவதற்காகச் சண்டை போடுவதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அந்த வாரமே இரண்டு வயலும் ஒன்றாக முளை காட்டின. குத்தகைப் பேச்சை உபகாரசாமி எடுக்கவில்லை. வரப்பு நடுவில் ஓரிடத்தில் கோணலாகவே நிற்கிறது. டீச்சர் அதில் நின்றுகொண்டு, இப்படி மழை பெய்யும் என்று தெரிந்திருந்தால் டீலக்ஸே போட்டிருக்கலாம் என்று சேதுபதியிடம் வாதாடிக்கொண்டிருக்கிறார்.